என் மச்சானின் வெள்ளைப் பக்கங்கள்

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் மனைவியின் தம்பி மேல் எனக்குப் பொறாமை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நல்லவனாகப் போய்விட்டான். அதனால் தீரவில்லை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி லாரிக்கும் டிராக்டருக்கும் பாகம் செய்கிறோம். மெஷின் நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. எது எப்போது நின்றது, என்ன கோளாறு, எதை மாற்றினோம் என்று பதிந்து வைக்க எங்கள் கம்பெனியில் ஒரு மென்பொருள் போட்டார்கள். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மறுபடி எல்லோருக்கும் கொடுக்கலாம். அதைக் கொண்டுவந்து போட்ட இன்ஜினியர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "எல்லாம் நெட்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நெட்டில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். அதிலும் பாதி, எங்களிடம் இருந்த பதிப்புக்குப் பொருந்தாதது.

நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். கற்றதைத் தமிழில் எழுதினேன். மோட்டார் எரிந்தால் எப்படிப் பதிவது, அடுத்த சர்வீஸை எப்படிக் குறிப்பது, பதிவெல்லாம் தொலையாமல் எப்படி பேக்கப் எடுப்பது. எழுதியதை ஒரு இணையதளமாகப் போட்டேன். வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் அதையும் செய்தேன். கறுப்புப் பின்னணி. உச்சியில் உலையிலிருந்து தீப்பொறி பறக்கும் படம். மோட்டார் பக்கத்துக்கு நீலத் தலைப்பு, கம்ப்ரசர் பக்கத்துக்குப் பச்சை, கிரேன் பக்கத்துக்கு ஆரஞ்சு. ஒரு பக்கத்தில் மெனு மேலே இருக்கும், இன்னொன்றில் பக்கவாட்டில். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக உட்கார்ந்து இழைத்தேன். கண்டிப்பாகப் படிக்க வேண்டியதைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன். கீழே என் போன் நம்பரையும் போட்டேன்.

வள்ளூரில் குடியிருக்கும் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். சின்னத் தொழிற்சாலைகளுக்கான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களைத் தமிழில் கொண்டுபோக அவர் ஒரு குழு வைத்திருக்கிறார். சம்பளம் கிடையாது, எல்லாம் ஆர்வத்தில் செய்கிறவர்கள். "உங்க பக்கத்த வச்சிதான் தம்பி எங்க பசங்க கத்துக்கினாங்க" என்று அவர் அனுப்பியதை நான் அழிக்கவே இல்லை. வேலையில் என்னை யாரும் பாராட்டியதில்லை. மெஷின் ஓடினால் யாரும் எலக்ட்ரீஷியனைத் தேட மாட்டார்கள். நின்றால்தான் தேடுவார்கள், அதுவும் திட்டுவதற்கு.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிப்பட்டிலிருந்து என் மச்சான் வந்தான். கம்பி செய்கிற கம்பெனியில் எடை மேடை ஆபரேட்டர் வேலை. அங்கிருந்து கம்பி ஏற்றிக்கொண்டு எளாவூர்ப் பக்கம் போகிற லாரியெல்லாம் எடை பார்க்க அவன் மேடையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஏசி கேபின், கம்ப்யூட்டர், சுழலும் நாற்காலி. நான் உலைப் பக்கம் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவன் காலையில் தேய்த்துப் போட்ட சட்டை மடிப்புக் கலையாமல் வருவான். எங்கள் வீட்டில்தான் தங்கினான்.

"இன்னா மாமா, எப்பப் பாரு லேப்டாப்பே கதின்னு கீறீங்க?"

"ஒன்னுமில்ல. நீ போய்ச் சாப்புடு."

போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"மாமா, இந்தப் பக்கத்துல 'பதிவு செய்'னு போட்டுகீறீங்க. அந்தப் பக்கத்துல 'சேமி'னு கீது. ரெண்டும் ஒரே பட்டன்தானே?"

"படிக்கிறவனுக்குப் புரியும்."

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டானாம். அன்றைக்கு முழுவதும் எனக்கு அது குடைந்துகொண்டே இருந்தது. ராஸ்கல், சரியாகத்தான் கேட்டிருந்தான்.

அவனும் அந்தக் குழுவில் சேர்ந்தான். நான் சேர்த்துவிடவில்லை, அவனே அக்காவுக்கு எழுதிச் சேர்ந்தான். எடை மேடை மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுத ஆளில்லாமல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் அவன் தளம் வந்தது. வெள்ளை. முழுக்க வெள்ளை. கறுப்பு எழுத்து, இடது பக்கம் மெனு, அவ்வளவுதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் 'தொடங்கும் முன்', அப்புறம் 'செய்முறை', அப்புறம் 'சிக்கல் வந்தால்'. ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். ஆனால் அதில் எனக்கு வேண்டியதைத் தேடாமல் கண்டுபிடித்தேன். எடை மேடையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அப்படியும் கண்டுபிடித்தேன். வயிறு எரிந்தது.

என் தளம் வந்தபோது என் மனைவி அதை ஒருவருக்குக்கூடக் காட்டியதில்லை. தம்பியுடையதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போனில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி பண்ணது. எவ்ளோ நீட்டா கீது பாரு."

"நானுந்தான் பண்ணேன். அதக் காட்ட மாட்டியா?" என்றேன்.

"உன்னுதா? அது பட்டாசுப் பெட்டி மாரி கீதுய்யா. கண்ணு கூசுது."

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

பிறகு அக்கா ஒரு யோசனை கொண்டுவந்தார். குழுவின் கையில் மூன்று மென்பொருள்கள் இருந்தன. என்னுடைய மெஷின் பராமரிப்பு, மச்சானின் எடை மேடை, அரைகுறையாக எழுதிவிட்டு ஆள் காணாமல் போன ஸ்டோர் இருப்பு. ஒரே கம்பெனியில் மூன்றையும் போடுகிறார்கள். மூன்று தளத்துக்கும் போய்ப் படிக்கிறவன் மூன்று ஊருக்குப் போன மாதிரி திணறுகிறான். ஒன்றில் மெனு மேலே, ஒன்றில் இடது பக்கம், ஒன்றில் மெனுவே இல்லை. அதனால் மூன்றுக்கும் ஒரே அமைப்பு வேண்டும், ஒரே சொல் வேண்டும், ஒரே வரிசை வேண்டும் என்றார்.

"நீங்க வார்ப்படத்துல வேல செய்றவரு, உங்களுக்குத் தெரியாததா தம்பி? ஒரு பேட்டர்ன் வச்சி அச்சு எடுத்துத்தானே எல்லாத்தையும் ஊத்துறீங்க?"

"யாரு பேட்டர்ன்க்கா?" என்றேன்.

"அதத்தான் பாக்கணும். உங்களுதா, அவருதான்னு."

ஒன்று நிற்கும். மற்றது நெட்டிலிருந்து எடுக்கப்படும். எழுதியது போகாது, எழுதியதைப் புது அச்சில் ஊற்றிவிடலாம். ஆனால் தளம் போய்விடும். என் தீப்பொறி, என் நீலம், என் பச்சை, என் பெயரென்று நான் நினைத்துக்கொண்டிருந்த எல்லாம் போய்விடும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ படித்தவன், நானே செய்தது என்று காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. என் அப்பா அடுத்தவர் வயலில் நட்ட நெல்லில் எது அவர் நட்டது என்று யாருக்கும் தெரியாது. நான் மாட்டிய வயரும் அப்படித்தான், சுவருக்குள் போய்விடும். தளம் அப்படியில்லை. அதை விட எனக்கு மனசில்லை.

அடிபிடி வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. இதுவரை எங்கள் இரண்டு மென்பொருளையும் தொடாத ஒரு தொழிலாளியை உட்காரவைத்து, இரண்டு தளத்தையும் கொடுத்து, பழைய பதிப்பைப் புதுப்பிக்கச் சொல்வது. அவர் எங்கே திணறுகிறார் என்று பார்ப்பது. இரண்டு மென்பொருளிலும் புதுப்பிக்கும் முன்னால் பேக்கப் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பதிவெல்லாம் போய்விடும். அதற்காகச் சும்மா பொய்ப் பதிவுகள் போட்ட ஒரு லேப்டாப்பை அக்கா கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஆளை நானே கூட்டிவருகிறேன் என்றேன். எங்கள் கம்பெனியில் கிரைண்டிங் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். வார்த்த பாகத்தின் பிசிறைத் தேய்த்து எடுப்பவர். போனில் எல்லாம் பார்ப்பார், சத்தமாகப் பேசுவார், எனக்கு ரொம்ப வேண்டியவர். பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றதும் வந்துவிட்டார். என் ஆள் என் பக்கம்தான் நிற்பார் என்ற நினைப்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸின் மாடியில் உட்கார்ந்தோம். அக்கா, நான், மச்சான், கிரைண்டிங் அண்ணன். முதலில் என் தளம்.

அண்ணன் உதடு அசையப் படித்தார். ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். பேக்கப் எடு என்று நான் சிவப்புப் பெட்டியில் போட்டிருந்தேன், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக. அதைத் தாண்டிப் போய்ப் புதுப்பிக்கும் பட்டனை அழுத்திவிட்டார். பதிவெல்லாம் காலி.

"அண்ணே, செவப்புப் பெட்டில எழுதியிருந்துச்சே, பாக்கலியா?" என்றார் அக்கா.

"பாத்தேம்மா. செவப்பா இருந்துச்சி. அதான் தொடல."

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"செவப்புத் தொட்டில கெடக்கிறத எவனாவது எடுப்பானா? ரிஜெக்ட்டு. எடுத்தா மெமோ குடுப்பான் கம்பெனில."

எங்கள் வேலைக்கூடத்தில் மூன்று தொட்டி இருக்கும். நல்ல பாகம் பச்சைத் தொட்டியில், மறுபடி தேய்க்க வேண்டியது மஞ்சள் தொட்டியில், உதவாதது சிவப்புத் தொட்டியில். சிவப்புத் தொட்டிக்குப் பூட்டுகூட உண்டு. தினமும் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் நடக்கிறவன் நான். வெளியில் நெட்டில் எல்லாரும் எச்சரிக்கைக்குச் சிவப்பு போடுகிறார்கள் என்று நானும் போட்டேன். எங்கள் ஆள் சிவப்பைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் மச்சானின் தளத்திலும் எச்சரிக்கைப் பெட்டி சிவப்புத்தான். அது எனக்குத் தெரியும். அவன் பக்கங்களை நான் அவனைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அண்ணன் படித்தார், அழுத்தினார், சிவப்பு வந்தது, தாண்டினார். அங்கேயும் பதிவெல்லாம் காலி.

அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றைக்குக்கூட எனக்கு வந்ததில்லை.

"ரெண்டு பேருதும் ஒன்னுதான்க்கா" என்றேன். "எனக்கு ரெண்டு வாரம் டைம் குடுங்க. ஒவ்வொரு பக்கமா உக்காந்து எல்லாப் பொட்டியும் மாத்தித் தரேன். எவ்ளோ பேஜாரா இருந்தாலும் நான் பண்ணிடுவேன்."

டீ வந்தது. மச்சான் டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் கேட்டான்.

"அப்ப எந்தக் கலர் போட்டா நிப்பீங்கண்ணே?"

"மஞ்ச கறுப்பு பட்டை போடு தம்பி. கிரேன் ஓடுற எடத்துல போட்டுக்கிறான் பாரு, சாய்வா, அது. அதப் பாத்தா எவனா இருந்தாலும் கால வைக்க மாட்டான்."

மச்சான் இன்னொரு கையால் தன் லேப்டாப்பில் என்னவோ தட்டினான். டீயை ஒரு வாய் குடித்தான்.

"மாத்திட்டேன்க்கா."

"எந்தப் பக்கத்துல?"

"எல்லாத்துலயும்."

நான் அந்த லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். எங்காவது ஒரு சிவப்பு மிச்சம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. அத்தனை எச்சரிக்கைகளும் சாய்வுப் பட்டையாக மாறியிருந்தன. அவன் எந்தப் பக்கத்திலும் நிறத்தை எழுதவே இல்லை. இது எச்சரிக்கை என்று மட்டும் எழுதியிருக்கிறான். எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பது ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வரியை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். நான் ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் வர்ணம் அடித்தவன். ரெண்டு வாரம் கொடுங்கள் என்று வாய்விட்டு வேறு சொல்லியிருந்தேன்.

அக்கா பொய்ப் பதிவுகளை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். அண்ணன் மறுபடி படித்தார். பட்டை வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஓ, இத மொதல்ல எடுக்கணுமா?" என்று பேக்கப் எடுத்தார். நான் கூட்டிவந்த ஆள், என் காசில் பிரியாணி சாப்பிடப் போகிற ஆள், அவன் பக்கத்தில் நின்றார்.

அக்கா என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "எழுத்து உங்களுது தம்பி. அவரவிட நீங்க நல்லா எழுதுறீங்க. பேட்டர்ன் மட்டும் அவருது." ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் வரும்.

திரும்பும்போது அண்ணன் பல் குத்திக்கொண்டே கேட்டார். "இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப்போச்சி? உன் மச்சான்தானே? வெளி ஆளா?"

"வெளி ஆளா இருந்தா பரவால்லண்ணே."

"அது சரி" என்று சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் எழுத்தையெல்லாம் அவன் அச்சில் ஊற்றினேன். வேறு யார் செய்ய முடியும்? மோட்டாரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? நீலம் போனது, பச்சை போனது. மோட்டார் பக்கமும் எடை மேடைப் பக்கமும் அண்ணன் தம்பி மாதிரி ஆயின. நான் ஏற்றுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவன் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும், அது குழுவின் முறை. அவன் பக்கத்து அறையில்தான் இருப்பான். ஆனால் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நெட்டிலேயே எழுதுவான். 'மாமா, மத்த பக்கங்கள்ல இதை தொடங்கும் முன்னு போட்டிருக்கோம். இங்கயும் அதையே வச்சிடலாமா?' வீட்டில் என் மனைவி எதிரில் சொன்னால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மரியாதைதான் என்னை எரித்தது. நானும் நெட்டிலேயே 'சரி' என்று பதில் எழுதுவேன்.

"ஒரே ஊட்டுல உக்காந்துக்கினு ரெண்டு பேரும் எழுதி எழுதிக் காட்டிக்கிறீங்களே, வாய் கீதா இல்லியா?" என்று என் மனைவி கத்துவாள்.

புதுத் தளத்தைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒருவர் குழுவுக்கு எழுதினார். மோட்டார் பக்கம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, இதை வடிவமைத்தவருக்கு நன்றி என்று. மோட்டார் பக்கம் முழுக்க நான் எழுதியது. நன்றி வடிவமைத்தவருக்கு. மச்சான் உடனே 'எழுதினது எங்க மாமா' என்று பதில் போட்டான். அவன் போடாமல் இருந்திருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

பழைய தளத்தை நான் நெட்டிலிருந்து எடுக்கவில்லை. என் கணக்கில் இருந்ததால் நான்தான் எடுக்க முடியும். அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மச்சான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் போனில் அதைத் திறந்து தீப்பொறியைப் பார்ப்பேன். யாரும் வருவதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் போன் வந்தது. யாரோ ஒரு ஃபிட்டர், பழைய தளத்தின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணா, இதுக்கு ரெண்டு வெப்சைட் கீது. கறுப்பா இருக்குறதுல பேக்கப்பு மேல மெனுவுல கீதுன்னு போட்டுகீது. வெள்ளையா இருக்குறதுல செட்டிங்ஸ் உள்ளன்னு போட்டுகீது. காலைலருந்து மேல தேடிக்கினு கீறேன், ஒரு எழவும் இல்ல. சூப்பர்வைசர் வேற நின்னுக்கினு திட்டுறான். எதுண்ணா நெஜம்?"

மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்து பேக்கப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. வெள்ளையில் அதை நானேதான் திருத்தி எழுதியிருந்தேன். கறுப்பில் கை வைக்கவில்லை, அது எனக்குப் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று விட்டிருந்தேன். அந்த ஆள் என் தளத்தை நம்பிக் காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, கீறீங்களா?"

"வெள்ளையா இருக்குறதப் பாருங்க" என்றேன். "அதான் சரி."

போனை வைத்ததும், கறுப்புத் தளத்தை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சும்மா அழித்துவிட்டால் போதாது. என் பழைய முகவரியை எத்தனையோ பேர் எத்தனையோ குழுக்களில் பகிர்ந்திருக்கிறார்கள். அழித்தால் அங்கே வருகிறவன் வெறும் பக்கத்தைப் பார்ப்பான். என் முகவரிக்கு வருகிறவனை அப்படியே புதுத் தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும், மோட்டாருக்கு வந்தவனை மோட்டாருக்கு, கிரேனுக்கு வந்தவனை கிரேனுக்கு. அது எப்படி என்று எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மச்சான் கம்பெனி பஸ்ஸுக்காக அவசரமாக நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"பழைய அட்ரஸுக்கு வர்றவன புதுசுக்குத் திருப்பி உடணும். எப்பிடிப் பண்றது?"

அவன் கை இட்லியிலேயே நின்றது. என் மனைவியும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். குடுங்க மாமா நான் பண்ணித் தரேன் என்று அவன் சொல்லியிருந்தால், வேண்டாம் போடா என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

"நம்ம சைட்லயே ஒரு பக்கம் கீது மாமா" என்றான். "எடது பக்கம், 'தளத்தைப் பராமரிக்க'ன்றதுக்குக் கீழ." கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

எனக்கு அன்று ராத்திரிதான் ஷிப்ட். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவன் எழுதியது. என் எழுத்துபோல இல்லை, உப்புச் சப்பில்லாமல் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். ஏதாவது ஒரு படியை விட்டிருப்பான், ஒரு இடத்தில் 'சேமி' என்று எழுதி இன்னொரு இடத்தில் வேறென்னவோ எழுதியிருப்பான், நான் பாதியில் சிக்கி நிற்பேன், சாயங்காலம் அவன் வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வரியாகப் போனேன். அவன் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்தேன்.

பிறகு போனை எடுத்து என் பழைய முகவரியை அடித்தேன். வெள்ளைப் பக்கம் வந்தது. மோட்டார் முகவரியை அடித்தேன். வெள்ளை. கம்ப்ரசர், கிரேன், எல்லாம் அதனதன் பக்கத்துக்குச் சரியாகப் போய் நின்றன.

எந்தப் படியும் விட்டுப்போகவில்லை. சாயங்காலம் அவனிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.